டிசம்பர் மழையில சிங்கப்பூர் போறீங்களா? விசாலேந்து ஈரச் செருப்பு வரைக்கும் ஒரு வழிகாட்டி

நம்ம ஊர்ல பசங்களுக்கு அரையாண்டு லீவு விடறது டிசம்பர் கடைசியில, சிங்கப்பூர்ல மழை கொட்டறதும் அதே நேரத்துலதான். குடும்பத்தோட போறவங்க பாதிப் பேர் அந்த வாரத்துலதான் போறாங்க, போயிட்டு ஹோட்டல் ரூம் ஜன்னல் வழியா மழையைப் பாத்துக்கிட்டு காசு போச்சேன்னு உக்காந்திருக்காங்க. நாங்க போனப்பவும் மழைதான், அங்க போய் ஒவ்வொண்ணா கஷ்டப்பட்டு கண்டுபிடிச்சதை எல்லாம் இங்க வரிசையா எழுதறேன், அடுத்து போறவங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதல்லயே முக்கியமானதை சொல்லிடறேன். மழைக்காலத்துல சிங்கப்பூரை "முதல் நாள் இது, ரெண்டாம் நாள் அது"ன்னு பிளான் போடாதீங்க. ஜோடி ஜோடியா போடுங்க. வானம் பாத்த இடம் ஒண்ணு, அதுக்குப் பக்கத்துலயே கூரை உள்ள இடம் ஒண்ணு, ரெண்டும் ஒரே எம்ஆர்டி (அந்த ஊர் மெட்ரோ ரயில்) ஸ்டேஷன் பக்கத்துல இருக்கணும். மழை வந்தா உள்ள, விட்டா வெளிய. இதை மட்டும் பண்ணிட்டீங்கன்னா பாதி பிரச்சனை தீந்துடும், மீதியெல்லாம் பேப்பர் வேலைதான்.

1. முதல்ல மழையைப் புரிஞ்சுக்கோங்க

டிசம்பர்லேந்து மார்ச் தொடக்கம் வரைக்கும் அங்க வடகிழக்குப் பருவமழைக் காலம், அதுல ஈரமான பகுதி டிசம்பரும் ஜனவரியும். டிசம்பர்ல மட்டும் சராசரியா 300 மில்லிமீட்டருக்கு மேல பெய்யும். பிப்ரவரி வந்தா நல்லா குறைஞ்சுடும், லீவு கவலை இல்லாதவங்க அப்போ போறது நல்லது.

இந்த சீசன்ல மழை ரெண்டு விதமா வரும். ஒண்ணு வழக்கமான மத்தியான மழை, காலையில வெயில் அடிக்கும், ரெண்டு மூணு மணிக்கு மேல இருட்டிக்கிட்டு வந்து ஒரு மணி நேரம் அடிச்சு ஊத்திட்டு போயிடும். இன்னொண்ணு விடாம பெய்யற மழை, காத்தோட சேந்து ரெண்டு மூணு நாள் வரைக்கும் கூட நசநசன்னு இழுக்கும், அப்போ டெம்பரேச்சர் 22, 23 டிகிரி வரைக்கும் இறங்கும். முதல் வகைன்னா வெளி இடத்தை எல்லாம் காலையிலயே முடிச்சுடுங்க. ரெண்டாவது வகைன்னா வெளி இடத்தை மறந்துட்டு மியூசியம் பக்கம் போயிடுங்க, காத்திருந்து பிரயோஜனம் இல்லை.

எது வரப்போகுதுன்னு பாக்க அந்த ஊர் அரசாங்கத்தோட மைஈஎன்வி ஆப் இருக்கு, ஃப்ரீதான், ஊர்லயே போன்ல போட்டுக்கோங்க. அடுத்த ரெண்டு மணி நேரத்துக்கு எந்த ஏரியால மழைன்னு தனித்தனியா காட்டும், ரேடார் படமும் இருக்கும். போன்ல ஏற்கனவே இருக்கற வெதர் ஆப்பை நம்பாதீங்க, அது டிசம்பர் முழுக்க தினமும் இடி மழை படம்தான் போட்டு வச்சிருக்கும், அதைப் பாத்து பயந்துதான் நிறைய பேர் டிக்கெட்டையே கேன்சல் பண்றாங்க. அங் மோ கியோங்கற ஏரியாவுல கொட்டும், மெரினா பேல ஒரு சொட்டு இருக்காது, அப்படித்தான் அந்த ஊர் மழை.

2. விசா

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். இலங்கை பாஸ்போர்ட்னா சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை, நீங்க நேரா அடுத்த ஸ்டெப்புக்கு போயிடலாம்.

நாமளே நேரா போய் அப்ளை பண்ண முடியாது. அங்கீகாரம் உள்ள ஏஜென்ட் வழியாத்தான் பண்ணணும், இல்லன்னா சிங்கப்பூர்ல இருக்கற சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க அவங்க கணக்கு வழியா ஆன்லைன்ல பண்ணித் தரலாம். அரசாங்கக் கட்டணம் ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், விசா கிடைக்கலைன்னாலும் அது திரும்ப வராது. ஒரு டாலர் 70 ரூபா கிட்ட வச்சுக்கோங்க, அதோட ஏஜென்ட் சர்வீஸ் சார்ஜ் தனி. இந்த சார்ஜ்தான் ஆளுக்கு ஆள் மாறும், அதனால நாலு இடத்துல கேளுங்க, "எல்லாம் சேத்து மொத்தம் எவ்வளவு"ன்னு கேட்டு வாட்ஸ்அப்லயே எழுதி வாங்கிக்கோங்க. கைக்குழந்தையா இருந்தாலும் தனி பாஸ்போர்ட், தனி விசா, தனி கட்டணம்.

எடுத்து வைக்க வேண்டியது: 14ஏ ஃபார்ம் (விசா அப்ளிகேஷன்), பாஸ்போர்ட் (போற நாள்லேந்து குறைஞ்சது 6 மாசம் வேலிடிட்டி இருக்கணும்), 35க்கு 45 மில்லிமீட்டர் அளவுல வெள்ளை பேக்ரவுண்ட் போட்டோ, அதுவும் கடைசி 3 மாசத்துக்குள்ள எடுத்தது. இதுக்கு மேல ஏஜென்ட்டுங்க ஃப்ளைட் டிக்கெட், ஹோட்டல் புக்கிங், பேங்க் ஸ்டேட்மென்ட், கவரிங் லெட்டர், ஆபீஸ் லெட்டர் இதெல்லாம் கேப்பாங்க, கேக்கலைன்னாலும் ரெடியா வச்சிருங்க.

போட்டோலதான் நிறைய மாட்டிக்கும். பழைய போட்டோவை ஸ்கேன் பண்ணி குடுக்கறது, குழந்தை போட்டோவுல அம்மா கை தெரியறது, லேசா நீலம் அடிக்கற பேக்ரவுண்ட், இதெல்லாம் திருப்பி அனுப்பிடுவாங்க. ஸ்டூடியோல போய் "சிங்கப்பூர் விசா சைஸ்"னு சொன்னாலே எடுத்துக் குடுப்பாங்க. இன்னொண்ணு பேரு. நம்ம ஆளுங்களுக்கு பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கும், இல்லன்னா அப்பா பேரு சர்நேமா இருக்கும், டிக்கெட்ல இனிஷியல் மட்டும் போட்டிருப்பாங்க. விசா, டிக்கெட், அரைவல் கார்டு மூணுலயும் பாஸ்போர்ட்ல இருக்கற எழுத்து அப்படியே வரணும், ஒரு எழுத்து கூட மாறக் கூடாது.

டைமிங்: சாதாரணமா 3 வேலை நாள்ல வந்துடும், சில கேஸ் இழுக்கும். டிசம்பர்ல கூட்டம் ஜாஸ்தி, நடுவுல கிறிஸ்துமஸ் லீவு வேற வருது. கிளம்பறதுக்கு 3, 4 வாரம் முன்னாடி குடுத்துடுங்க, அதுக்கும் ரொம்ப முன்னாடி குடுக்கறதுல லாபம் இல்லை. விசா பாஸ்போர்ட்ல ஒட்டி வராது, ஈவிசாவா பிடிஎஃப்தான் வரும், ரெண்டு பிரிண்ட் எடுத்து ஜிப்லாக் கவர்ல போட்டுக்கோங்க. மழைன்னு சொன்னேன்ல.

3. அரைவல் கார்டு, இதுக்கு காசு கிடையாது

எஸ்ஜி அரைவல் கார்டுன்னு ஒண்ணு ஆன்லைன்ல போடணும், விசா தேவையில்லாதவங்களும் போடணும். இறங்கற நாளையும் சேத்து 3 நாளுக்குள்ள போடலாம், அதுக்கு முன்னாடி போட முடியாது. குடும்பத்துக்கே சேத்து ஒரே தடவையில போட்டுடலாம்.

இது முழுக்க முழுக்க இலவசம். ஆனா கூகுள்ல தேடினா விளம்பரமா மேல வர்ற சில தளங்கள் அரசாங்க தளம் மாதிரியே இருக்கும், ஆளுக்கு இவ்வளவுன்னு காசு கேக்கும். காசு கேட்டாலே மூடிட்டு வெளிய வந்துடுங்க. ஐசிஏங்கற குடிநுழைவுத் துறையோட தளத்துலயோ, மைஐசிஏ ஆப்லயோ மட்டும் போடுங்க, தள முகவரி கவ் டாட் எஸ்ஜின்னு முடியுதான்னு பாத்துக்கோங்க. அதோட, இது விசா கிடையாது, விசாவுக்குப் பதிலாவும் ஆகாது, ரெண்டும் வேணும்.

பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் குத்த மாட்டாங்க. எத்தனை நாள் தங்கலாம்னு ஈமெயில்ல வரும், அதனால ஈமெயில் ஐடியை கவனமா டைப் பண்ணுங்க.

4. ஃப்ளைட்: மழை சென்னைலயும் இருக்கு

இதை நிறைய பேர் யோசிக்கறதே இல்லை. அங்க மழைக்காலம்னா இங்கயும் அதே வடகிழக்குப் பருவமழைதான். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல்ல சென்னை ஏர்போர்ட்டையே மூடினாங்க, 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயலுக்கும் அதே கதை. அதனால நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் பாதியில போறவங்க மூணு விஷயம் பண்ணுங்க.

டிராவல் இன்சூரன்ஸ் எடுங்க, எடுக்கும்போது ஃப்ளைட் டிலே, கேன்சல் ரெண்டும் அதுல வருதான்னு படிச்சுப் பாருங்க. மெடிக்கல் மட்டும் இருக்கற சீப் பாலிசி இதுக்கு உதவாது. புயல் சின்னம்னு நியூஸ் வந்த பிறகு எடுத்தா கிளைம் கஷ்டம், டிக்கெட் போட்ட அன்னைக்கே எடுத்துடுங்க.

மதுரை, திருநெல்வேலி பக்கத்துலேந்து வர்றவங்க சென்னைக்கு ஒரு டிக்கெட், சிங்கப்பூருக்கு வேற கம்பெனில ஒரு டிக்கெட்னு தனித்தனியா போட்டு நடுவுல மூணு மணி நேரம் மட்டும் விடாதீங்க. முதல் ஃப்ளைட் லேட்டானா ரெண்டாவது கம்பெனிக்காரன் பொறுப்பு ஏத்துக்க மாட்டான். முடிஞ்சா திருச்சிலேந்தோ கோயம்புத்தூர்லேந்தோ நேரடி ஃப்ளைட் பாருங்க.

போய் இறங்கற அன்னைக்கு டைம் போட்ட டிக்கெட் எதுவும் வாங்காதீங்க. பயணம் நாலு மணி நேரம் சொச்சம்தான், ஆனா அந்த ஊர் கடிகாரம் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது, மத்தியானம் கிளம்பினா போய் சேர ராத்திரி ஆயிடும்.

5. ஹோட்டல்: ஸ்டார் பாக்காதீங்க, ஸ்டேஷன் பாருங்க

மழைக்காலத்துல ஹோட்டலுக்கும் எம்ஆர்டிக்கும் நடுவுல எவ்வளவு தூரம் கூரை இருக்குங்கறதுதான் முக்கியம். சிங்கப்பூர்ல ஸ்டேஷன்லேந்து கூரை போட்ட நடைபாதை நிறைய இடத்துல போட்டு வச்சிருக்காங்க, பழைய கடைத் தெருவுல கடைகளுக்கு முன்னாடியே திண்ணை மாதிரி நடை இருக்கும், அதுலயே நனையாம பாதி தூரம் போயிடலாம். புக் பண்றதுக்கு முன்னாடி மேப்ல ஸ்ட்ரீட் வியூ போட்டு ஸ்டேஷன் வாசல்லேந்து ஹோட்டல் வாசல் வரைக்கும் ஒரு தடவை நடந்து பாத்துடுங்க. "ஸ்டேஷன்லேந்து 5 நிமிஷம்"னு போட்டிருக்கும், அந்த 5 நிமிஷம் திறந்த ரோடா இருந்தா ரெண்டு குழந்தை, ஒரு ஸ்ட்ரோலர், நாலு பையோட தொப்பலா நனைஞ்சுதான் போய் சேருவீங்க.

லிட்டில் இந்தியா பக்கம் நம்ம சாப்பாட்டுக்கும் பட்ஜெட்டுக்கும் நல்லா ஒத்து வரும். ஏர்போர்ட்லேந்து வர்றதுக்கு ஒரு வழி சொல்றேன். சாங்கி ஏர்போர்ட் ஸ்டேஷன்ல ஏறி அடுத்த ஸ்டேஷன் எக்ஸ்போ, அங்க டவுன்டவுன் லைன் மாறுங்க, ஜாலான் பெசார்ல இறங்குங்க, ஹோட்டல் சையத் ஆல்வி ரோடு, முஸ்தபாங்கற பெரிய கடை பக்கமா இருந்தா மேப்ல பாத்துட்டு அங்கேந்து நடந்துடலாம். லிட்டில் இந்தியா ஸ்டேஷன்தான் வேணும்னா அதே ரயில்ல உக்காந்திருந்தாலும் வரும், ஆனா அது ஊரைச் சுத்திக்கிட்டு வருது. இது ஆளுக்கு ரெண்டு டாலர் சொச்சத்துல முடிஞ்சுடும், டாக்ஸின்னா 25, 30 டாலர் ஆகும்.

டிசம்பர்ல அந்த ஊர் பசங்களுக்கும் ஸ்கூல் லீவு, அதனால ரேட் ஏறித்தான் இருக்கும். ஃப்ரீ கேன்சலேஷன் உள்ள ரூமா முன்னாடியே போட்டு வச்சுட்டு விசா வந்தப்புறம் ஃபைனல் பண்ணுங்க. நீச்சல் குளம் இருக்குன்னு அதுக்காக ஜாஸ்தி காசு குடுக்காதீங்க. இடி மின்னல் எச்சரிக்கை வந்தா குளத்துலேந்து எல்லாரையும் ஏத்திடுவாங்க, மழை லேசா இருந்தாலும் சரி. வருஷத்துல 150 நாளுக்கு மேல இடி இடிக்கற ஊரு, அவங்க மின்னலை விளையாட்டா எடுத்துக்க மாட்டாங்க, நாமளும் எடுத்துக்கக் கூடாது.

6. பைக்குள்ள என்ன

ரெயின்கோட் வேண்டாம், அந்தப் புழுக்கத்துல உள்ள வேர்த்து அதுவே நனைச்சுடும். மடக்குக் குடை ஆளுக்கு ஒண்ணு. மறந்தாலும் பரவாயில்லை, டைசோ மாதிரி கடைகள்ல ரெண்டு மூணு டாலருக்கு கிடைக்கும், அதே குடை டூரிஸ்ட் இடத்துல வாங்கினா 10 டாலருக்கு மேல.

லேசான ஸ்வெட்டர் கண்டிப்பா வேணும். மழைல நனைஞ்சுட்டு மாலுக்குள்ள போனா ஏசி எலும்பு வரைக்கும் இறங்கும், குழந்தைங்களுக்கு சளி பிடிக்கறது மழையால இல்லை, இதாலதான்னு நான் நினைக்கறேன். பசங்களுக்கு ஒரு செட் டிரஸ்ஸும் சின்ன துண்டும் கைப்பைலயே இருக்கட்டும்.

செருப்பு விஷயம் ரொம்ப முக்கியம். கேன்வாஸ் ஷூ நனைஞ்சா ரெண்டு நாள் ஆனாலும் காயாது. பின்னாடி பெல்ட் வச்ச சாண்டல்ஸ், அடியில நல்ல கிரிப் இருக்கறதா பாத்து போடுங்க, ஏன்னா கூரை போட்ட நடைபாதை எல்லாம் டைல்ஸ், தண்ணி பட்டா வழுக்கும். வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க இதை மறக்காதீங்க. கோயிலுக்குப் போகும்போது ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்துக்கோங்க. சிராங்கூன் ரோட்டுல வீரமாகாளியம்மன் கோயிலுக்கோ சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கோ போவீங்க, செருப்பை வாசல்ல விட்டுட்டு உள்ள சாமி கும்பிட்டுட்டு வெளிய வந்து பாத்தா செருப்புக்குள்ள தண்ணி நிக்கும், அதுலயே கால விட்டு அன்னைக்கு முழுக்க நடந்தா குதிகால்ல தோல் உரிஞ்சு கொப்புளம் வந்துடும். கவர்ல போட்டு ஓரமா, உள்ள தள்ளி வைங்க.

துணி ரூம்ல காயாது. காசு போட்டு துவைக்கற செல்ஃப் சர்வீஸ் லாண்டரி நிறைய ஏரியாவுல இருக்கு, துவைச்சுக் காய வைக்க எல்லாம் சேத்து 10 டாலர் கிட்ட ஆகும், ஒரு மணி நேரம் சொச்சம். அதனால துணி குறைவா எடுத்துட்டுப் போங்க.

வேப் எடுத்துட்டுப் போகவே கூடாது, அங்க சட்டப்படி குற்றம். சூயிங் கம்மும் கொண்டு போகாதீங்க. சிகரெட்டுக்கு வரிச் சலுகை கிடையாது, ஒரு பாக்கெட்டா இருந்தாலும் சொல்லி வரி கட்டணும்.

7. கார்டும் ரயிலும்

எம்ஆர்டிக்கும் பஸ்ஸுக்கும் நம்ம ஊர் பேங்க் குடுத்த விசா, மாஸ்டர்கார்டு கான்டாக்ட்லெஸ் கார்டையே தட்டிட்டுப் போகலாம். ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்ல போய் இன்டர்நேஷனல் யூஸ், கான்டாக்ட்லெஸ் ரெண்டையும் ஆன் பண்ணணும். நம்ம பேங்க்ல இது பெரும்பாலும் ஆஃப்லதான் இருக்கும். கேட்ல தட்டறீங்க, சிவப்பு லைட் எரியுது, பின்னாடி ஆபீஸ் போற கூட்டம் நிக்குது, ஓடிபி வர ரோமிங் இல்லை, அந்த நிலைமை வேண்டாம்.

ஒரு கார்டுல ஒரு ஆள்தான் போகலாம். உள்ள போக எதைத் தட்டினீங்களோ வெளிய வரவும் அதையே தட்டணும், கார்டைத் தட்டிட்டு உள்ள போய் அதே கார்டை போன்லேந்து தட்டினா ரெண்டும் வேற வேறயா எடுத்துக்கும். வெளிநாட்டு கார்டுன்னா உபயோகிக்கற ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் சென்ட் கூடுதலா பிடிப்பாங்க, நம்ம பேங்க் ஃபாரெக்ஸ் சார்ஜ் வேற. அதனால நாலு நாளுக்கு மேல இருக்கறவங்க, கார்டு இல்லாத பெரியவங்க, இவங்களுக்கு ஸ்டேஷன்லயே ஈஸிலிங்க்ங்கற பயண கார்டு வாங்கிடுங்க. 0.9 மீட்டருக்கு கீழ உயரம் உள்ள குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். பஸ்ல இறங்கும்போதும் தட்டணும், மறந்தா கடைசி ஸ்டாப் வரைக்குமான காசு போயிடும்.

மழை பெய்ய ஆரம்பிச்ச உடனே கிராப் (நம்ம ஊர் ஓலா மாதிரி டாக்ஸி ஆப்) போட்டு பாக்காதீங்க, 10 டாலர் காட்டின இடத்துக்கு 20, 25 காட்டும். இருபது நிமிஷம் உக்காந்து ஒரு காபி குடிச்சுட்டு பாருங்க, இறங்கிடும். இல்ல பஸ். ரயிலுக்குள்ள மட்டும் எதுவும் சாப்பிடாதீங்க, தண்ணி கூட குடிக்கக் கூடாது, 500 டாலர் வரைக்கும் ஃபைன் இருக்கு.

8. ஜோடிகள்: இதுதான் மெயின் விஷயம்

மெரினா பே, பேஃப்ரண்ட் ஸ்டேஷன். வெளிய கார்டன்ஸ் பை த பே தோட்டத்துல சூப்பர்ட்ரீங்கற ராட்சச செயற்கை மரங்கள், பே ஓரம் நடை. உள்ள அதே தோட்டத்தோட கிளவுட் ஃபாரஸ்ட், ஃப்ளவர் டோம்னு ரெண்டு கண்ணாடிக் கூடம், ஆர்ட்சயின்ஸ் மியூசியம், மால். கிளவுட் ஃபாரஸ்ட்ல 35 மீட்டர் உயர அருவி உள்ளயே கொட்டுது, வெளிய மழை பெய்யும்போது அந்தக் கண்ணாடிக் கூரைல தண்ணி வழியறதை மேல் நடைல நின்னு பாக்கறது வெயில் நாள்ல கிடைக்காது. ரெண்டு டோமுக்கும் சேத்து வெளிநாட்டவருக்கு 30லேந்து 50 டாலர் வரைக்கும், உள்ள என்ன ஸ்பெஷல் ஷோ ஓடுதுங்கறதைப் பொறுத்து மாறும். மாசத்துல ஒரு நாள் பராமரிப்புக்கு மூடுவாங்க, தேதியை முன்னாடியே தளத்துல பாத்துடுங்க. ஸ்டேஷன்லேந்து சுரங்கப்பாதை தோட்டம் வரைக்கும் கொண்டு விடும், ஆனா அங்கேந்து டோம் வரைக்கும் கொஞ்ச தூரம் திறந்தவெளி, ஷட்டில் வண்டி இருக்கு. சாதாரணமா சாயங்காலம் 7:45க்கும் 8:45க்கும் சூப்பர்ட்ரீ லைட் ஷோ, ஃப்ரீ. 7:45 ஷோவுக்கே போங்க, மழையால அது நடக்கலைன்னா அடுத்ததுக்கு காத்திருக்கலாம். மேல இருக்கற ஸ்கைவே நடைபாலத்துக்கு மட்டும் முன்னாடியே டிக்கெட் வாங்காதீங்க, மழை வந்தா மூடிடுவாங்க.

சிட்டி ஹால் ஸ்டேஷன். வெளிய மெர்லயன் சிலை, ஆத்தோரம். உள்ள நேஷனல் கேலரி, சுரங்க மால் வழியாவே எஸ்பிளனேட் கலை அரங்கம், சன்டெக் மால் வரைக்கும் ஒரு சொட்டு படாம நடக்கலாம். எஸ்பிளனேட்ல கீழ ஹால்ல இலவச கச்சேரி அடிக்கடி நடக்கும், நவம்பர்ல போறவங்களுக்கு கலா உத்சவம்னு இந்தியக் கலை விழாவும் அங்கதான். ஆத்தோரமா இருக்கற ஏஷியன் சிவிலைசேஷன்ஸ் மியூசியத்தை விட்டுடாதீங்க. 9ஆம் நூற்றாண்டுல மூழ்கின கப்பல்லேந்து எடுத்த சீனப் பீங்கான் கிண்ணங்கள் அலை அலையா அடுக்கி வச்சிருக்காங்க, சோழர் கால வெண்கலச் சிலைகளும் இருக்கு, நம்ம ஊர்ல கோயில் இருட்டுல பாக்கற சிலையை இங்க பக்கத்துல நின்னு விரல் நுனி வரைக்கும் பாக்கலாம். ரெண்டு மணி நேரம் தாராளமா வேணும். மியூசியம் எல்லாம் வெளிநாட்டவருக்கு டிக்கெட் உண்டு, பெரும்பாலும் 10லேந்து 30 டாலருக்குள்ள.

லிட்டில் இந்தியா. இது மழைக்காகவே அமைஞ்ச ஏரியா. தெரு முழுக்க கடை முன்னாடி கூரை நடை. தேக்கா சென்டர் மார்க்கெட், கேம்ப்பெல் லேன்ல இந்தியன் ஹெரிடேஜ் சென்டர், முஸ்தபா எல்லாமே நடக்கற தூரம். ஹெரிடேஜ் சென்டர் திங்கட்கிழமை லீவு. முஸ்தபா நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும், அதனால அதைப் பகல்ல வச்சுக்காதீங்க, ராத்திரி சாப்பிட்டுட்டு போங்க, பகல் வெளிச்சம் வெளி இடத்துக்கு வேணும். கோயில் மத்தியானம் நடை சாத்திடும், காலையிலயோ சாயங்காலமோ.

பொட்டானிக் கார்டனும் ஆர்ச்சர்டும். தோட்டம் காலையில 5 மணிக்கே திறந்துடும், நுழைவு இலவசம், ஆர்க்கிட் பகுதிக்கு மட்டும் டிக்கெட். 2015ல யுனெஸ்கோ பாரம்பரிய இடமா அறிவிச்சாங்க. காலையில 7 மணிக்குப் போய் 10க்குள்ள முடிச்சுட்டு நேப்பியர் ஸ்டேஷன்ல ஏறினா ரெண்டாவது ஸ்டேஷன் ஆர்ச்சர்ட், அங்க ஐயான் மால்லேந்து விஸ்மா, டகாஷிமயா மால் வரைக்கும் பூமிக்கடியிலயே போகலாம். டிசம்பர்ல ஆர்ச்சர்ட் ரோடு முழுக்க கிறிஸ்துமஸ் லைட்டு போட்டிருப்பாங்க. மழை ராத்திரில அதை நடந்து பாக்க முடியாது, 36ஆம் நம்பர் மாதிரி அந்த வழியா போற டபுள் டெக்கர் பஸ்ல மாடியில முன் சீட்டுல உக்காந்துடுங்க, ஒரு டாலர் சொச்சத்துக்கு அதை விட நல்ல காட்சி கிடைக்காது. கண்ணாடி வெளிப்பக்கம் பனி மாதிரி மூடிக்கும், உள்ளேந்து தொடச்சாலும் போகாது, ஒரு நிமிஷம் பொறுங்க, மழைத்தண்ணியே கழுவி விட்டுடும்.

புகிஸ். வெளிய அரபு ஸ்ட்ரீட், சுல்தான் மசூதி. உள்ள நேஷனல் லைப்ரரி, காசே கிடையாது, தமிழ்ப் புத்தகங்களும் இருக்கு. பசங்களோட ஒரு மத்தியானம் மழை விடற வரைக்கும் உக்கார இதை விட நல்ல இடம் எனக்குத் தெரியலை.

ஜுவல் மால், ஏர்போர்ட்டை ஒட்டி. 40 மீட்டர் உள் அருவி, மழைநீரைச் சேத்துத்தான் கொட்டவே விடறாங்க. இதுக்காக நடுவுல ஒரு நாள் ஒதுக்க வேண்டாம், திரும்பற நாளுக்கு வச்சுக்கோங்க.

9. எந்த டிக்கெட் முன்னாடி, எது கடைசில

உள் இடங்களுக்கு (டோம், மியூசியம், மீன் காட்சி) முன்னாடியே ஆன்லைன்ல வாங்கலாம், மழை வந்தா எல்லாரும் அங்கதான் ஓடி வருவாங்க, ஸ்லாட் முடிஞ்சுடும். மத்தியானம் 2 மணிக்கு மேல உள்ள ஸ்லாட்டா பாத்து போடுங்க. செந்தோசா தீவுல பழைய அக்வாரியம் இப்போ 2025லேந்து சிங்கப்பூர் ஓஷனேரியம்னு பெருசா திறந்திருக்காங்க, அதுவும் இந்த லிஸ்ட்தான்.

வானத்தை நம்பின டிக்கெட் எல்லாம் முந்தின நாள் ராத்திரி இல்ல அன்னைக்கு காலையில ஆப் பாத்துட்டு வாங்குங்க. கேபிள் கார், லூஜ் (சரிவுல உருட்டி விடற சின்ன வண்டி), ஸ்கைபார்க் மொட்டை மாடி, சிங்கப்பூர் ஃப்ளையர் ராட்டினம் இதெல்லாம் மின்னல் வந்தா நிறுத்திடுவாங்க. யூனிவர்சல் ஸ்டூடியோஸ்ல வெளி ரைடுங்களும் அப்படித்தான், மழைன்னு காசு திரும்பக் கிடைக்கும்னு எதிர்பாக்காதீங்க. கூட்டம் பயந்து முன்னாடியே வாங்கணும்னா தேதி மாத்தற வசதி உள்ள டிக்கெட்டா, அஞ்சு பத்து டாலர் ஜாஸ்தி ஆனாலும், அதையே வாங்குங்க. தள்ளுபடில விக்கற டிக்கெட்டுல "தேதி மாத்த முடியாது"ன்னு கீழ சின்னதா போட்டிருக்கும், அங்கதான் நிறைய பேர் மாட்டறாங்க.

மிருகக்காட்சி சாலைங்க இருக்கற மண்டாய் பக்கம் போறதா இருந்தா ஜூவை விட ரிவர் வண்டர்ஸ்ல கூரை ஜாஸ்தி, பாண்டாவும் அங்கதான். நைட் சஃபாரி டிராம்ல கூரை இருக்கு, தூறல்ல நல்லாவே இருக்கும், கொட்டற மழைன்னா வேண்டாம்.

10. சாப்பாடு

ஹாக்கர் சென்டர் (சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடைங்க ஒண்ணா இருக்கற இடம்) எல்லாத்துக்கும் கூரை உண்டு, ஆனா பக்கச் சுவர் கிடையாது, ஓர மேஜைல சாரல் அடிக்கும், நடுவுல இடம் பிடிங்க. மேஜைல டிஷ்யூ பாக்கெட் வச்சிருந்தா அந்த இடம் யாரோ பிடிச்சிருக்காங்கன்னு அர்த்தம், எடுத்துப் போட்டுட்டு உக்காராதீங்க. சாப்பிட்ட தட்டை நாமதான் கொண்டு போய் வைக்கணும், அது சட்டம், ஃபைன் உண்டு. ஒரு வேளை 4லேந்து 8 டாலர். தேக்கா சென்டர்ல பிரியாணி, தோசை எல்லாம் கிடைக்கும், சைவம் மட்டும்னா சிராங்கூன் ரோட்டுல கோமள விலாஸ், ஆனந்த பவன். சின்ன கடைகள்ல கார்டு எடுக்காது, 50, 60 டாலர் கையில சில்லறையா வச்சுக்கோங்க. தண்ணி பாட்டில் வாங்காதீங்க, குழாய்த் தண்ணியே குடிக்கலாம்.

11. கிளம்பற நாள்

மழைன்னு மால்லயே சுத்தினதுல ஷாப்பிங் ஜாஸ்தி ஆகியிருக்கும். ஒரு கடையில குறைஞ்சது 100 டாலருக்கு வாங்கினா சுற்றுலாப் பயணிங்களுக்கு 9 சதவீத ஜிஎஸ்டில ஒரு பெரிய பகுதி திரும்பக் கிடைக்கும், அந்த வசதி எல்லா கடையிலயும் இல்லை, வாங்கறதுக்கு முன்னாடி கேளுங்க, பில் போடும்போதே ஒரிஜினல் பாஸ்போர்ட் காட்டணும். ஏர்போர்ட்ல மெஷின் இருக்கும், லக்கேஜ் போடறதுக்கு முன்னாடி முடிச்சுடுங்க, பொருளைக் காட்டுன்னு கேட்டா காட்டணும்.

ஃப்ளைட்டுக்கு நாலஞ்சு மணி நேரம் முன்னாடியே சாங்கி வந்துடுங்க. ஜுவல்லயே சில ஏர்லைன்ஸுக்கு சீக்கிரமா பெட்டி போடற வசதி இருக்கு, போட்டுட்டு கையை வீசிக்கிட்டு அருவியைப் பாக்கலாம். ஈரத் துணியை தனி பிளாஸ்டிக் கவர்ல கட்டி பெட்டிக்குள்ள வைங்க, வெயிட்டும் பாத்துக்கோங்க, நனைஞ்ச ஜீன்ஸ் ரெண்டு இருந்தாலே ஒரு கிலோ ஏறிடும். சென்னைல மழை எப்படின்னு பெட்டி போடறதுக்கு முன்னாடியே ஒரு போன் போட்டு கேட்டுடுங்க, ஃப்ளைட் லேட்டுன்னா குழந்தைங்களுக்கான மாத்து டிரஸ், மருந்து ரெண்டும் கைப்பைல இருக்கணும்.

செலவு கணக்கு கேக்கறவங்களுக்கு: விசா, ஃப்ளைட், ரூம் தவிர, ரெண்டு பெரியவங்க ஒரு குழந்தைக்கு ரயில், பஸ், சாப்பாடு சேத்து ஒரு நாளைக்கு 70, 80 டாலர், டிக்கெட் இடம் போற நாள்ல அதோட 100லேந்து 150 சேத்துக்கோங்க. மழைக்குன்னு தனியா 50 டாலர் ஒதுக்கி வைங்க, குடை, லாண்டரி, ஒண்ணு ரெண்டு கிராப், அவ்வளவுதான் ஆகும்.